நாற்பத்தொரு காலையும் ஒரே முகம்

பியர்பொன்ட்ஸ்,
ஏப்ரல் 23, வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய திரு. அன்டன் அவர்களுக்கு,

பியர்பொன்ட்ஸிலிருந்து அரியரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நான், மனைவி ஞானாம்பிகை, மகள் தனுஷா மூவரும் சுகம். என்னுடைய சுகத்தைப் பற்றி மட்டும் டொக்டர் இன்னும் எழுத்தில் தரவில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். அங்கே நீங்களும் என் தங்கச்சி நிரஞ்சனியும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க வேண்டுமென்று எங்கள் நல்லூரானிடமும் உங்கள் மாதாவிடமும் கேட்டுக்கொள்கிறேன். இனி உங்களோடு கதைக்க மாட்டேன் என்று ஆறு வருஷத்துக்கு முன் நான் சொன்னது உண்மை. அந்தச் சொல்லில் இப்போதும் நிற்கிறேன். கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை வாசித்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்கு முன், நீங்கள் தனுஷாவுக்கு ஒரு போன் எடுத்து ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். "உன்ரை அப்பாவுக்கு என்னிலை கோபம்தான் பிள்ளை, மறதி இல்லை." அவ்வளவுதான். நீங்கள் சொல்லாவிட்டால் என் மகளின் கலியாணம் தள்ளிப்போகும்.

முதலிலிருந்து சொல்லுகிறேன். தனுஷாவுக்குக் கலியாணம் சரிவந்திருப்பது உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஞானாம்பிகை எனக்குத் தெரியாமல் நிரஞ்சனியோடு போனில் கதைக்கிறாள். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை தீபக், தமிழ்நாட்டுப் பெடியன், இங்கே கனடாவில் கொம்பியூட்டர் வேலை, நல்ல பிள்ளை. பெப்ரவரியில் நிச்சயதார்த்தம். அதற்கென்று தீபக்கின் தகப்பன் ஆவுடையப்பன் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அன்று நான் விழா நடந்த ஹோல் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு மனிதர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் தனியாய் நின்றார். நான் அவரைச் சமையல்காரர் என்று நினைத்துக்கொண்டு, சனம் வந்திட்டுது, வடை என்னமாதிரி, கொஞ்சம் கெதியாய்ப் பாரும் என்று சொன்னேன். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் குசினிக்குள் போய், விசாரித்து, திரும்பி வந்து, "இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம் சம்பந்தி" என்றார். மூன்று நாளுக்கு முன் விமான நிலையத்தில் அவருக்கு மாலை போட்டவன் நான்தான். ஆனால் அன்றைக்கு அவர் தொப்பியும் மஃப்ளரும் சுற்றி, மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிய நின்றார். மூக்கு நுனியை வைத்து ஆளை ஞாபகம் வைத்திருக்க யாரால் முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் தனுஷாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. கோபம் என்றால் பரவாயில்லை. அவள் பயந்துபோனாள். அடுத்த கிழமையே என் போனில் ஒரு செயலியைப் போட்டுவிட்டாள். கலியாணத்துக்கு வரப்போகிற முந்நூற்றி எண்பத்தாறு பேரின் படங்களையும் அதில் ஏற்றியிருந்தாள். ஒவ்வொரு படமாய் வரும். நான் பெயரையும் முறையையும் மனதுக்குள் சொல்லிவிட்டு, தட்டினால் விடை தெரியும். பிறகு நாலு பொத்தான். எனக்காக அவள் தமிழில் எழுதி வைத்தாள்: மறந்திட்டன், கஷ்டம், தெரியும், லேசு. நாங்கள் எதை அமத்துகிறோமோ அதை வைத்து, ஒவ்வொரு ஆளையும் நாங்கள் எந்த நாளில் மறக்கப்போகிறோம் என்று அது கணக்குப் பார்க்குமாம். மறக்கிற நாளுக்குச் சற்று முன்னால் அந்த ஆளைக் கொண்டுவந்து காட்டுமாம். தெரியும் என்றால் நாலு நாளில் வருவார், மறுபடி தெரியும் என்றால் பதினொரு நாள், பிறகு ஒரு மாதம், இப்படித் தள்ளித் தள்ளிப் போகும். மறந்துவிட்டேன் என்றால் நாளைக்கே வந்து நிற்பார். ஜூன் பதின்மூன்று கலியாணத்தன்று ஹோல் வாசலில் நின்று நான் அத்தனை பேரையும் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும் என்பது திட்டம்.

இருபத்தெட்டு வருஷம் பாண் சுடுகிற ஃபக்டரியில் ஒரு லொறி மாறாமல் சாமான் ஏற்றி அனுப்பியவன் நான். என்னிடம் ஒரு போன் கேள்வி கேட்கிறதா என்ற எண்ணத்தில் முதல் மூன்று நாளும் எல்லாருக்கும் லேசு, லேசு, லேசு என்று அமத்தினேன். பாதிப் பேரை எனக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் தெரியாது என்று ஒரு பொத்தானை அமத்த மனம் வரவில்லை. செயலி அதை அப்படியே நம்பி, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஜூலைக்கும் ஓகஸ்டுக்கும் தள்ளிவிட்டது. கலியாணம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகுதான் அவர்களுடைய பெயர் எனக்குத் தேவைப்படும் என்று அது முடிவெடுத்திருந்தது. தனுஷா கண்டுபிடித்து எல்லாவற்றையும் அழித்துத் திரும்பத் தொடங்கினாள். "அப்பா, அது உங்களைச் சோதிக்கேல்லை, நீங்கள் பொய் சொன்னால் அதுக்கு ஒண்டுமில்லை, உங்களுக்குத்தான் நட்டம்" என்றாள். இதற்கிடையில் ஞானாம்பிகையின் படமும் அதில் இருந்தது. மனுசியை லேசு என்று அமத்தாமல் வேறென்ன செய்வது? இரண்டு மூன்று முறை அமத்தியதில் அது அவளை மூன்று வருஷத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தது. அதை அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். மூன்று வருஷத்துக்கு என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லையோ என்று இரண்டு நாள் கதை இல்லை. நன்றாய்த் தெரிந்த ஆட்களைத்தான் அது அப்படித் தள்ளிவைக்கும் என்று விளக்கினேன். அது அதைவிட மோசமாய்ப் போனது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் பன்னிரண்டாம் திகதி காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து செயலியைத் திறக்கிறேன், முதல் படம் நீங்கள். தனுஷா உங்களையும் கலியாணத்துக்கு எண்ணி வைத்திருக்கிறாள். உங்கள் மகன் பிரசாந்தின் கலியாணத்தில் எடுத்த படம், நீலக் கோட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. நான் போகாத கலியாணம். ஏன் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். கூடப்பிறந்தவளின் மகனுக்குக் கலியாணம். நீங்கள் இரண்டு பேரும் குங்குமமும் கார்டும் கொண்டு வாசலுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினீர்கள். மேலே ஒரு சொல் இல்லை, கீழே ஒரு சொல் இல்லை. பல தடவை அனுப்பப்பட்டது என்று அந்தப் படத்தின் தலையில் ஒரு அடையாளம் வேறு. அதையெல்லாம் நினைத்துக்கொண்டு, உங்களுடைய சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, மறந்திட்டன் என்பதை அமத்தினேன். அமத்தினதும் மனதுக்கு ஒரு சுகம் வந்தது, அதை ஒளிக்க மாட்டேன். மறுநாள் முதல் ஆளாய் நீங்கள் வந்து நின்றீர்கள். திரும்பவும் அமத்தினேன். அதற்கடுத்த நாளும் வந்தீர்கள். வேண்டாத ஆளை மறந்துவிட்டேன் என்றால் அந்த ஆள் போய்த் தொலைய வேண்டும், அதுதானே உலக வழக்கம். இது எதிர்மாறு. தெரிந்த சனமெல்லாம் ஒவ்வொருவராய் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று விடைபெற்றுப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் நாற்பத்தொரு காலையும் என் தேத்தண்ணிக்கு முன்னால் வந்து சிரித்தீர்கள்.

இதையெல்லாம் அந்தச் செயலி குறித்து வைக்கும் என்று எனக்குத் தெரியாது. தனுஷா பார்த்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டு என்னை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இளம் பெண் டொக்டர், நல்ல பிள்ளை, கடகடவென்று பிரெஞ்சு. தனுஷா பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னாள். ஐந்து சொல்லைச் சொல்லிப் பிறகு கேட்டா, சொன்னேன். கடிகாரம் கீறச் சொன்னா, விநாடி முள்ளும் சேர்த்துக் கீறினேன். நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கச் சொன்னா, போதும் என்று சொன்ன பிறகும் கழித்தேன். டொக்டருக்கு மெத்தச் சந்தோஷம். அப்போதுதான் தனுஷா தன் கொம்பியூட்டரைத் திறந்து மேசையில் வைத்தாள். முந்நூற்றி எண்பத்தாறு கோடு. முந்நூற்றி எண்பத்தைந்து கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் நிலத்தோடு நிலமாய்ப் படுத்திருந்தது. இது யார் என்று டொக்டர் கேட்டா. அப்பாவின் ஒரே தங்கச்சியின் கணவர், அப்பா கனடாவுக்கு வந்த முதல் நாளிலிருந்து தெரிந்தவர் என்று தனுஷா சொன்னாள். டொக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கினா. கன நேரம் எழுதினா.

தனுஷா என் பக்கம் திரும்பி, "அப்பா, அன்டன் மாமாவை உண்மையா உங்களுக்குத் தெரியேல்லையா?" என்று கேட்டாள்.

மச்சான், அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்க முடியவில்லை. ஆறு வருஷமாய் அவள் கேட்கும்போதெல்லாம், மாமாவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்களுக்கு வர நேரமில்லை, வேறொன்றுமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய், ஒவ்வொரு நாளும் விடியப்புறம் எழும்பி உன் மாமாவின் முகத்தில் வன்மம் தீர்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு அந்நிய டொக்டருக்கு முன்னால் எப்படிச் சொல்லுவது? வெட்கத்தில் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததையும் டொக்டர் எழுதிக்கொண்டா. பெரிய டொக்டரைப் பார்க்கச் செப்டெம்பரில்தான் நாள் கிடைத்தது. அதுவரைக்கும் கார் ஓடக்கூடாதாம். பியர்பொன்ட்ஸில் கார் இல்லாதவனுடைய நிலை உங்களுக்குத் தெரியும். இப்போது பால் வாங்க தெப்பானர் கடைக்குப் போய்வர ஐம்பது நிமிஷம் நடக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மறதி இல்லை பிள்ளை, கோபத்தில்தான் அமத்தினேன் என்றேன். அவள் நம்பவில்லை. மறதி உள்ள ஆட்கள் இப்படித்தான் காரணம் சொல்லிச் சமாளிப்பார்கள் என்று கிளினிக்கில் கொடுத்த காகிதத்தில் இருக்கிறதாம். ஞானாம்பிகை எனக்காகப் பேச வந்தாள். வீட்டு ஆட்கள் மூடி மறைப்பார்கள் என்றும் அதில் இருக்கிறதாம். நான் சத்தியம் பண்ணினேன். தனுஷா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அப்பா, நீங்கள் அப்பிடிச் சின்னத்தனம் பண்ணுற ஆள் இல்லை. உங்களை எனக்குத் தெரியும்."

என்னைச் சின்னத்தனமானவன் என்று நினைப்பதைவிட, மறதி வருத்தக்காரன் என்று நினைப்பது அவளுக்குச் சுலபமாய் இருக்கிறது. அவ்வளவு நல்லவனாய் என்னை வைத்திருக்கிறாள். கலியாணம் முடிந்தால் தீபக்கோடு வன்கூவருக்குப் போக வேண்டியவள், இந்த நிலைமையில் அப்பாவை விட்டுவிட்டுப் போகமாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை இரவு சம்பந்தியோடு பேசி, திங்கட்கிழமை ஹோல்காரருக்கு அறிவித்து, எல்லாவற்றையும் தள்ளிவைக்கப் போகிறாள். தள்ளிவைப்பதில் அந்தச் செயலிக்கும் அவளுக்கும் நல்ல ஒற்றுமை. போகிற போக்கில், "இந்தப் படம் உங்களை வருத்துது, இதை நிப்பாட்டி வைக்கிறன்" என்று உங்களுடைய படத்தையும் எடுத்துவிட்டாள்.

ஆகவே அத்தாட்சிக்குக் கீழே எழுதுகிறேன். தனுஷா போனில் கேட்டால் ஒவ்வொன்றாய் ஒத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறாம் ஆண்டு ஜனவரி, மிராபெல் விமான நிலையம். நான் வெள்ளைச் சேட்டோடும் தோல் செருப்போடும் வந்து இறங்குகிறேன். நீங்கள் உங்களுடைய மண்ணிறக் கோட்டைக் கழற்றி என்னில் போட்டீர்கள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. ஹீட்டர் வேலை செய்யாத காரை, மெல்லிய ஸ்வெட்டரோடு நடுங்கி நடுங்கி கோட்-டெ-நேஜ் வரைக்கும் ஓடினீர்கள். இடையில் கோட்டைத் திருப்பித் தந்தேன், எனக்குக் குளிரில்லை என்று பொய் சொன்னீர். தொண்ணூற்றெட்டுப் பனிமழை. உம்முடைய பக்கம் கரண்ட் போய், நீர், நிரஞ்சனி, சின்னப் பிரசாந்த் எல்லாரும் ஒன்பது நாள் எங்களுடைய வீட்டில். மெழுகுதிரி வெளிச்சத்தில் சீட்டெடுத்து முந்நூற்றிநாலு விளையாடினோம். நீர் துருப்பைக் காலுக்குக் கீழே ஒளித்து வைத்தீர். ஞானாம்பிகையும் கண்டவள். தனுஷா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு முதல் வந்தவர் நீர். பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, நேர்ஸிடம் ஏச்சு வாங்கினீர். இப்போதுதான் பார்க்கிறேன், மேலே நீங்கள் என்று தொடங்கி இங்கே நீர் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்டினால் கடிதம் அழுக்காய்ப் போகும், இருக்கட்டும். சுருக்கமாய்ச் சொன்னால் உம்மைப் பற்றி நான் மறந்தது ஒன்றுமில்லை. லொங்குய்யில் உம்முடைய வீட்டுக்குக் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டாலும் நேரே நடந்து வந்து கதவைத் தட்டுவேன். ஆனால் வரமாட்டேன். முதலில் வாசலுக்கு வரவேண்டியவர் நீர். அந்த முறை மாறாது.

இந்தக் கடிதத்தைக் கலியாண அழைப்பு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். கடிதத்தில் அழைக்கிற அளவுக்கு நான் உம்மைப்போல் நாகரிகம் தெரியாதவன் இல்லை. இது சாட்சி கேட்டு எழுதுவது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு வசனம். நிரஞ்சனிக்கு அண்ணை கேட்டதாய்ச் சொல்லும். பிரசாந்துக்கும் மருமகளுக்கும், நான் இன்னும் கண்ணால் காணாத அவர்களுடைய பிள்ளைக்கும் என் ஆசி. எல்லாரும் நோய் நொடியில்லாமல் நூறு வயதுக்கு இருக்க வேணும். கோபமாய் இருக்கிறவர்களும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

இப்படிக்கு,
நல்ல ஞாபகத்தோடு,
க. அரியரத்தினம்

பி.கு.: சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை. லொங்குய் மெட்ரோ.

மேலே எழுதினதை எல்லாம் அப்படியே எடுக்க வேண்டாம். தபால் கந்தோரிலை விசாரிச்சன், ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை கடிதம் வந்து சேராதாம். அது ஒரு காரணம். மற்றது, நாலு நாளாய்க் காலமை தேத்தண்ணியோடை இருந்து அந்தச் செயலியைத் திறக்கிறன், உம்மடை முகம் இல்லை. சம்பந்தி வாறார், ஆரோ தெரியாத மாமிமார் வருகினம், நீர் இல்லை. நாற்பத்தொரு நாளும் கோபத்திலைதான் பார்த்தன், ஆனால் பார்த்தனான். இப்ப தேத்தண்ணி இறங்குதில்லை. மறந்திட்டன் எண்டு நான் சொல்லச் சொல்ல அது உம்மைக் கொண்டுவந்து காட்டினது, நான் கெட்டித்தனமாய் அமத்திறன் எண்டு நினைச்சன். ஆறு வருஷம் வீணாய்ப் போச்சு மச்சான். முறை மயிராய்ப் போகட்டும் எண்டிட்டு, முடி வெட்டப் போறன் எண்டு ஞானாம்பிகையிட்டைச் சொல்லிப்போட்டு, குங்குமமும் கற்கண்டும் கலியாணக் கார்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். ரெண்டு பஸ், ரெண்டு மெட்ரோ, ரெண்டே கால் மணித்தியாலம். கையிலை தாறதெண்டு இந்தக் கடிதத்தையும் கொண்டுவந்தனான்.

இறங்கி நிண்டால், எந்த பஸ் எண்டு தெரியேல்லை. காரிலைதானே எப்பவும் வந்தனான். தெருப்பேர் சென்ட் எண்டு தொடங்கும். இஞ்சை எல்லாத் தெருவும் சென்ட் எண்டுதான் தொடங்குது. வீட்டு இலக்கம் எவ்வளவு யோசிச்சும் வரேல்லை. முக்கால் மணித்தியாலமாய் இஞ்சை வாங்கிலை குந்தியிருந்து யோசிக்கிறன், கோட்டிலை எந்தப் பொத்தான் இல்லை எண்டது வருது, இலக்கம் வரேல்லை. ஞானாம்பிகைக்கு எடுத்தால் சொல்லுவாள், அது அடுத்த நிமிஷமே தனுஷாவுக்குப் போகும். உம்மடை நம்பர் என்ரை போனிலை ஒரே ஒரு இடத்திலைதான் இருக்கு, அந்த வாட்ஸ்அப் அழைப்பிலை. அதை நான் அழிக்கேல்லை. அதுக்குக் கீழை ஆறு வருஷமாய் வெறுமையாய்க் கிடக்கிற இடத்திலைதான் இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்து அனுப்பிறன். சிரிக்கிறதெண்டால் சிரியும். ஆனால் கலியாணத்துக்கு இதிலை சொல்லமாட்டன், வாசலுக்கு வந்துதான் சொல்லுவன்.

வீட்டு இலக்கத்துக்கு நான் மறந்திட்டன் எண்டதைத்தான் அமத்த வேணும். இந்த முறை பொய்யில்லை. பயமாய் இருக்கு மச்சான். தனுஷாவுக்கு ரெண்டையும் நானே சொல்லுறன், கோபத்தையும் மறதியையும். நீர் பக்கத்திலை நிண்டால் காணும்.

பஸ் வாற வாசலிலை, மணிக்கூட்டுக்குக் கீழை நிக்கிறன். வந்து ஏத்தும். கோட்டு கொண்டுவர வேண்டாம், போட்டிருக்கிறன்.